அட்டையில் இடம் போதாத ஐந்து வார்த்தைகள்

1

இந்தக் கதை ஒரு தேர்தல் பிரசார அட்டையில் பிறந்தது. அந்த அட்டையை எழுதியவன் நான்தான். அரிசோனாவின் தெற்கு மூலையில் எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கும் மார்ச் மாதம் அது தபாலில் போயிற்று. மேல்பாதியில் வேட்பாளர் வெண்டல் ஹாஸ்கின்ஸின் படம், தொப்பியோடு. கீழே மூன்று வரி: ஆயிரத்து இருநூறு புது வீடுகள். நானூறு புது வேலைகள். நம் காலடியில் நூறு வருஷத்துக்குத் தண்ணீர்.

மூன்றாவது வரி முழு வரி அல்ல. மீதி எங்கே போயிற்று என்பதுதான் கதை.

ஊரின் வாரப் பத்திரிகையை முப்பத்தோரு வருஷம் நடத்தினேன். அது மூடிய பிறகு இப்படிப் பிரசுரம் எழுதிப் பிழைக்கிறேன். வார்த்தைகளை வெட்டுவதில் நான் கைதேர்ந்தவன். அதனாலேயே இந்தக் கதையில் எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உதவாத வாக்கியங்களும் அடைப்புக்குள் கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: [செந்நிற மலைகளுக்குப் பின்னால் சூரியன் தன் கடைசிக்] வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

தொடக்கம் இரண்டு: [நடீன் பர்டிக்கின் கிணறு வற்றிய அன்று] இது பரவாயில்லை. ஆனால் அது வற்றியது அவளே சொல்லும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கிணற்றைப் பற்றிக் கேட்பதில்லை.*

தொடக்கம் மூன்று: தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து நிலத்துக்காரி நடீன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் சமையலறைக்குள் வந்தாள்.

இது இருக்கட்டும்.

* சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சண்டையும் போடலாம். கிணறு எத்தனை அடி என்று மட்டும் கேட்கக் கூடாது. மூலவியாதியைப் பற்றிக் கேட்பதுபோல அது. ஆழம் போதாது என்று வெளியே தெரிந்தால் வீட்டின் விலை அன்றே இறங்கிவிடும். ஆக, அவரவர் கிணறு அவரவர் ரகசியம். அடியில் எல்லோரும் உறிஞ்சுவது ஒரே தண்ணீரைத்தான்.

3

நடீன் உட்காருவதற்குள் வெண்டலைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். முயன்று பார்த்தேன்.

["'இனிப் புதிதாக ஒரு கிணறும் தோண்டாவிட்டால்'னு போட்டிருக்கியே, இது எதுக்குய்யா?" என்று வெண்டல் மேஜையைத் தட்டினான். "இதப் படிச்சா எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்? எடுத்துடு." நான் மறுத்தேன். அவன் என்னை]

பொய். இப்படி எதுவும் நடக்கவில்லை.

நடந்தது இது. நிலத்தடி நீர் பற்றி நிபுணர் ஒருவர் எழுதிய நாற்பது பக்க அறிக்கையை வெண்டல் பிரிக்காமலே என்னிடம் கொடுத்தான். "நீ படிச்சு நல்லதா நாலு வரி எடுத்துக்கோ, ஆல்டன். படமில்லாத புஸ்தகம்னா எனக்குத் தூக்கம் வந்துடும்." அறிக்கையில் வாக்கியம் முழுசாக இருந்தது: இனிப் புதிதாக ஒரு கிணறும் தோண்டாவிட்டால், நூறு வருஷத்துக்குத் தண்ணீர் இருக்கும். நானும் முழுசாகத்தான் எழுதினேன். அச்சகத்திலிருந்து போன் வந்தது: "சார், ஒரு வரி அதிகமா இருக்கு. எழுத்தக் குறைங்க, இல்ல தொப்பியக் குறைக்கணும்." தொப்பி வெண்டலுக்கு உயிர். நான் ஐந்து வார்த்தைகளைக் குறைத்தேன். காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

வெண்டல் அந்த ஐந்து வார்த்தைகளைப் பார்த்ததே இல்லை. என் மனைவி இறந்தபோது ஒன்பது நாள் விடாமல் பீன்ஸ் சூப் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். கூட்டத்துக்குக் கூட்டம் நூறு வருஷம் என்று தெளிந்த முகத்தோடு சொல்கிறான், ஏனென்றால் என்னை நம்புகிறான். அறிக்கையைப் படிக்காமலிருந்தது அவனுக்கு வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் கத்தரி என் கையில் இருந்தது.

4

இங்கே ஒரு கட்டுரை வைத்திருந்தேன். [வளர்ச்சி என்ற சொல்லுக்கு அடிப்பக்கம் கிடையாது என்று நம்புகிற அரசியல்] இரண்டு பக்கம் போகிறது, உங்களுக்கு வேண்டாம். சாரம் இதுதான். வெண்டலை எதிர்த்து நிற்பவர் ஆயிரத்து ஐந்நூறு வீடு தருகிறார். அவர் அட்டையில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. நிபந்தனை போட்டு ஓட்டுக் கேட்டவரை நான் என் பத்திரிகைக் காலத்திலும் பார்த்ததில்லை.

அட்டை போன பிறகு எட்டு மாதத்தில் பதினேழு இடத்தில் கிணற்றுக்குத் துளைபோடும் இயந்திரம் வந்து நின்றது. சாலையிலிருந்தே தெரியும், எண்ணினேன். முதல் கிணறு வெண்டலுடையது.

5

நடீன் வளர்ப்பது அடுத்தவர் குதிரைகளை. பட்டணத்துக்காரர்கள் விட்டுப் போகிறார்கள், இவள் தீனி போட்டுத் தண்ணீர் காட்டுகிறாள். அதுதான் அவள் ஜீவனம்.

"நீ எழுதினதுதானே இது?"

"கீழ வெண்டல் பேர் போட்டிருக்கே."

"வெண்டல் சேர்ந்தாப்ல மூணு வரி எழுதுவானாக்கும்? போய்யா. முப்பது வருஷமா உன் பேப்பரத்தான படிச்சேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா?"

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குழாயில் பிடித்துக் கொடுத்தேன். பாதி குடித்தாள். பிறகு எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லாததைச் சொன்னாள்.

"என்னோடது இருநூத்தி எண்பது அடி, ஆல்டன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். என்னுடையதைச் சொல்லவில்லை.*

"வியாழக்கிழமையிலேர்ந்து மணலும் காத்துந்தான் வருது. பதினோரு குதிரை. லாரித் தண்ணி எத்தன நாளைக்கு ஊத்தறது? துளை போடறவன் நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரேன்னிருக்கான். அறுநூறு அடி போகணுமாம். கையில இருக்கறது அத்தனையும் அதுல போயிடும். டூசான்லேர்ந்து மக ஒரே கத்தல், குதிரையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு வந்துடும்மான்னு."

"நீ என்ன நெனைக்கற?"

"நான் நெனைக்க என்ன இருக்கு? நூறு வருஷம்னு போட்டிருக்க. அவ்வளவுகூட வேணாம், எனக்கு இருபது போதும்." அட்டையை என் பக்கம் தள்ளினாள். "நிஜந்தானே?"

 * முந்நூற்றுப் பத்து அடி. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் இங்கே வீடு வாங்கப் போவதில்லை.

6

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அட்டையை என் முகத்தில் எறிந்துவிட்டுப் போகிறாள். குதிரைகள் ஒவ்வொன்றாக வண்டியேறுகின்றன. செவ்வாய்க்கிழமை வெண்டல் ஜெயிக்கிறான். [மனம் லேசாயிற்று] யாருக்கு? எனக்கு மட்டும். அவளுக்கு வீடு போயிற்று.

முடிவு ஆ: "நிஜந்தான்" என்கிறேன். பதினெட்டாவது இயந்திரம் வருகிறது. அறுநூறாவது அடியில் தண்ணீர். நடீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அதுவும் வற்றும்போது கேள்வி கேட்க நான் உயிரோடு இருக்க மாட்டேன். இந்த முடிவை எழுத எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று, ஒரு திருத்தம்கூட இல்லை. பயமாக இருக்கிறது.

முடிவு இ: வெண்டலுக்குப் போன் செய்கிறேன். [அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு] இதற்கு மேல் ஓடவில்லை. அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதே இல்லையே.

7

ஆகவே இங்கேயே நிற்கிறேன். டம்ளரில் மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. நடீன் மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் தொப்பி இல்லை, அச்சகம் இல்லை, இடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஐந்து வார்த்தைகள். எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு அவை தெரியும்.

"சொல்லேன்யா" என்கிறாள்.

நான் உங்களைப் பார்க்கிறேன்.