டின்னின் அடிப்பக்கம்

பழைய டின்னைக் கரண்டிக் காம்பால் நெம்பினால் போதும், மூடி டப்பென்று எழும்பிவிடும். அந்த நினைப்பில்தான் கோமதியம்மாள் காலையில் அதன் அடியைச் சுரண்டி, கடைசிக் கரண்டிப் பால்மாவையும் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்திருந்தாள். புது டின் நேற்றே வந்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் அதே பேர், அதே நீலம், அதே சிரிக்கிற குழந்தை. மத்தியானம் பிள்ளை பசித்து அழ ஆரம்பித்த பிறகு, அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்கு மூடியே இல்லை. மேலும் தகரம், கீழும் தகரம்.

பிள்ளை அவள் பெற்றதில்லை. கொழுந்தன் சங்கரசுப்பிரமணியனின் நாலு மாதக் குழந்தை. அதைப் பெற்ற சங்கரம்மாள் டைபாய்டு காய்ச்சலோடு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எட்டு வருஷமாகத் தொட்டில் கட்டாத வீட்டில் கோமதி தொட்டில் கட்டி மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் பால்மாவு கிடைக்காத ஒரு நாள் பசும்பால் கொடுத்ததில் பிள்ளைக்கு வயிறு போய்விட்டது. பனவடலிசத்திரத்தில் இருக்கிற சங்கரம்மாளின் அக்கா அதைக் கேள்விப்பட்டு, பெத்து வளத்தவளுக்குல்லா பக்குவம் தெரியும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாளாம். இன்றைக்கு அஞ்சு மணி பஸ்ஸில் கொழுந்தன் வருகிறான். பிள்ளை வாடிக் கிடந்தால் அந்த அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

அவள் புருஷன் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குப் போனவர், பொழுது அடைந்துதான் திரும்புவார்.

கரண்டிக் காம்பு வளைந்தது. அரிவாள்மனையின் நுனி வழுக்கிக்கொண்டு போனது. ஆணியை வைத்து அம்மிக் குழவியால் அடித்தாள். பின்பக்கச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுப் பூமாரியின் தலை தெரிந்தது.

“யக்கா, டின்னைத் தொறக்குதியளா, தேரை இழுக்குதியளா? தெருவே அதிருது.”

வெட்டரிவாள் இருக்கிறது, கொண்டு வரட்டுமா என்று பூமாரி கேட்டாள். வேண்டாம், ஆயிற்று என்று கோமதி சொல்லிவிட்டாள். ஒரு டின்னைத் திறக்கத் தெரியவில்லை என்பது பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் போய்விடும். அங்கிருந்து பனவடலிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

ஆணி இறங்கியது. கவிழ்த்துக் குலுக்கினால் கால் கரண்டி மாவு விழுந்தது. அதற்குள் ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டாள். முள் மாதிரி ஒரு தகரச் சிலும்பு. இதை அந்தச் சின்னத் தொண்டைக்குள் ஊற்றியிருந்தால்! மாவை அப்படியே கொட்டிவிட்டு, சீனித் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள். பிள்ளை துப்பியது. அழுகைச் சத்தம் இப்போது குறைந்திருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கை கழுவப் பின்பக்கம் போனபோது துவைகல்லின் ஓரத்தில் நேற்று டின்னைக் கழுவியபோது உரிந்த நீலக் காகிதம் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. சிரிக்கிற குழந்தைக்குக் கீழே, அரிசி அளவுக்கு ஒரு படம். ஒரு கை எதையோ திருகிக்கொண்டிருந்தது. ஒரு சாவி.

நேற்று அந்த டின் பஸ்ஸின் மேல்தட்டில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தது. அவர்கள் சைவ வீடு. வாசலில் வாங்கி நேராகப் பின்பக்கம் கொண்டுபோய், புளியும் சாம்பலும் போட்டு அவள் அதைத் தேய்தேயென்று தேய்த்தாள். அடியில் ஈயப் பொட்டு வைத்து ஒட்டியிருந்த கம்பியைப் பட்டறைக் கழிவு என்று கத்தியால் சுரண்டி எறிந்தாள். பக்கவாட்டில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த தகரத்தை, பிள்ளை இருக்கிற வீட்டில் கிழித்துவிடக் கூடாதே என்று குழவியால் தட்டிப் படிய வைத்தாள். ஒழுங்காகச் செய்கிறோம் என்ற நிறைவு வேறு அப்போது இருந்தது. அதை நினைக்க இப்போது முகம் சுட்டது.

எறிந்த கம்பியைத் தேடிச் சாம்பல் குவியலைக் கையால் அளைந்தாள். அதில் இல்லை. வாய்க்கால் சேற்றுக்குள் கையை விட்டபோது விரலில் இடறியது. அதைக் கழுவி எடுத்து, கத்தி நுனியால் தகர நாக்கைக் கிளப்பி, சாவியின் துவாரத்தில் கோத்துத் திருகினாள். தகரம் நாடா போலச் சுருண்டு வந்தது. பாதிச் சுற்றில் அறுந்துபோனது.

மணி என்ன ஆகிறதென்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிளந்த இடத்தில் விரல்களை நுழைத்து வளைத்தாள். உள்ளங்கை கிழிந்தது தெரிந்தும் விடவில்லை. திறந்ததும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, நடுவிலிருந்து மாவை அள்ளி, மெல்லிய துணியில் ஒன்றுக்கு இரண்டு தரம் சலித்துக் கரைத்தாள். பிள்ளை குடித்தது. குடிக்கக் குடிக்க அதன் கால்விரல்கள் விரிவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் வந்தபோது அது தூங்கிவிட்டது. அவன் கையில் ஒரு பை. அதில் இன்னும் இரண்டு டின். அப்படியென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

நசுங்கிக் கிடந்த டின்னையும் அவள் கைக்கட்டையும் பார்த்தான். டின்னைத் திறக்கவே இந்தப் பாடு என்றால் பிள்ளையை எப்படி என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.

“மதினி, இதை எப்படித் தொறக்கதுன்னு சொல்லிக் குடுங்க. அங்கன போயி நான் காட்டணும்லா.”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வீட்டிலும் கரண்டிக் காம்பு வளையும், குழவி இடிக்கும். ஆனால் ஆணியும் இறங்குமே. சலிக்கிறதற்கு அங்கே யாருக்குத் தோன்றும்? மாவுக்குள் மினுங்கிய அந்தச் சிலும்பு அவள் கண்ணை விட்டு அகலவில்லை.

டின்னைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள்.

“இதான் சாவி. நான் குப்பைன்னு தூக்கி எறிஞ்சிட்டேன். இந்த நாக்கைத் தட்டிப்பிடாதிய. ஆணி வச்சு ஒருநாளும் அடிச்சிராதிய.”

அவன் அங்கேயே உட்கார்ந்து திருகிப் பார்த்தான். புதுச் சாவி, தட்டாத நாக்கு. அவனுக்கும் பாதிச் சுற்றில் அறுந்தது. கோபத்தில் இழுத்தான். தகரம் கிழித்த பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டான்.

“அங்கன நாலு பிள்ளைகளை வச்சிக்கிட்டு இதோட யாரு மல்லுக்கட்டுவா” என்றான், தனக்குள் சொல்கிறவன்போல.

அவள் டின்னை வாங்கி, கத்தி நுனியால் மிச்சத்தைப் பதனமாக நெம்பி, மாவைச் சலித்துப் பழைய டின்னில் கொட்டி, அதன் மூடியை அழுத்தினாள். அது டப்பென்று பொருந்தியது.

கடைசி பஸ்ஸுக்கு அவன் தனியாகத்தான் புறப்பட்டான். பையை எடுத்துக்கொள்ளவில்லை. அதில் மிச்சமிருந்த டின்னை அவள் ஈரத்துணியால் மட்டும் துடைத்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.