காதுக்குப் போன கை

முதல் அடி ஒச்சம்மாளுடையது. அது ஊரார் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட முறை. ரோட்டின் குறுக்கே தார் டிரம்மை உருட்டிவிட்டு வண்டியை மறிப்பது இளவட்டங்களின் வேலை. கதவைத் திறந்து டிரைவரைக் கீழே இழுத்துப் போடுவது ஈஸ்வரனின் வேலை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அதற்கென்றே அவள் ஒரு மம்பட்டிக் கணை வைத்திருந்தாள். இரும்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் கட்டை மட்டும். பிடித்துப் பிடித்து அது வழுவழுவென்று ஆகியிருந்தது.

அன்றைக்குக் காலையில் அய்யலூர்ப் பக்கமிருந்து தக்காளி ஏற்றிய வேன் ஒன்று வளைவுக்கு வந்தது. புளியமரத்தடியில் குத்தவைத்திருந்த ஒச்சம்மாள் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாலும் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவரின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு மேலே ஏறியது. காதோரம் போனது.

"அந்தா! கை காதுக்குப் போயிருச்சு. விடாதீகலே!"

டிரம் உருண்டது. வேன் கிறீச்சிட்டு நின்றதில் மேலடுக்குப் பெட்டிகள் இரண்டு சரிந்து தக்காளி ரோடெல்லாம் சிதறியது. ஈஸ்வரன் கதவைத் திறந்து, சட்டைக் காலரைப் பிடித்து ஆளைத் தரையில் தள்ளினான். ஒடிசலான மனிதர். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம் காயாமல் இருந்தது. முட்டி போட்டு எழப் போனவரின் காதில் மம்பட்டிக் கணை இறங்கியது. ஐயோ என்று கையைத் தூக்கி மறைத்தார். அடுத்த அடி அந்தக் கையில் விழுந்தது. விரல் முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவனுக்கெல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு எல்லோரும்தான். மிதித்தவன் மிதித்தான், செருப்பால் அடித்தவன் அடித்தான்.

"ஏனுங்க... ஏனுங்க... என்னன்னு சொல்லிப்போட்டு அடிங்க..."

என்னவென்று சொல்வதற்கு அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

பொன்னழகு செத்தது இதே வளைவில்தான். ஒச்சம்மாளுக்கு ஒரே பிள்ளை. அவன் சின்ன வயதில் இருக்கும்போதே அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். தக்காளிக் கூடையைச் சைக்கிளில் கட்டி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவனைப் பிரைவேட் பஸ் ஒன்று அடித்து இழுத்துக்கொண்டு போனது. காரியத்தன்று அந்தப் பஸ்ஸின் கண்டக்டர், ராயப்பராஜ் என்ற சின்னப் பையன், தேடிக்கொண்டு வந்து அவள் காலில் விழுந்தான்.

"ஆத்தா, நான் பாத்துட்டேன். ஆளு, ஆளுன்னு கத்துனேன். அவரு செல்லுல பேசிக்கிட்டே எடது கையத் தூக்கி இருன்னு காமிச்சாரு. ஒரு கையில செல்லு, இன்னொரு கைய என்னையப் பாத்துக் காமிக்கிறாரு. ஸ்டியரிங்குல கையே இல்ல ஆத்தா."

சாவைக்கூட அவள் ஒருமாதிரி முழுங்கிவிட்டாள். இந்த 'இரு' தான் தொண்டையில் நின்றது. என்னத்துக்கு இருக்கணும்? யாரு இருக்கணும்? என் பிள்ளை ரோட்டு மேலே நிக்கிறான், இவன் எவகிட்டயோ பேசி முடிக்கிற மட்டும் உலகமே இருக்கணுமாக்கும். அடுப்பு ஊதும்போதும் களை வெட்டும்போதும் தான் பார்க்காத அந்தக் கை அவள் கண்முன் எழுந்து எழுந்து நின்றது. அழுகை மட்டும் வரவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்டுகள் அவள் மூஞ்சியைப் பார்த்துப் பயந்துபோய்ப் பாதியில் எழுந்து போனார்கள்.

வளைவில் இனி உயிர் போகக்கூடாதென்று கோடாங்கியிடம் குறி கேட்டுக் கருப்பன் சாமியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிலை கிடையாது. ஆளுயரத்துக்கு மேலே ஓர் அருவாள், அடியில் சுண்ணாம்பு பூசிய ஒரு மேடை. சாமி வைக்கவேண்டும் என்று முதலில் நின்று கேட்டவள் ஒச்சம்மாள்தான். பார்த்த டிரைவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள், ஹார்ன் அடித்தார்கள், ஜன்னல் வழியே சில்லறை போட்டார்கள். கருப்பன் அவன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தான். ஆனால் ஜாமீனில் வந்த அந்தப் பஸ் டிரைவர் அதே பஸ்ஸை அதே ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்து, அதே வளைவில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனபோது ஊருக்குப் பொறுக்கவில்லை. மறித்தார்கள். முன்பல் எல்லாம் போய், அவன் தவழ்ந்து தவழ்ந்து பஸ்ஸில் ஏறினான். அன்றைக்குத்தான் ஒச்சம்மாள் வயிறாரச் சோறு தின்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடமுடிந்தால்தானே! மறுநாள் விடிந்ததும் வயிறு மறுபடி எரிய ஆரம்பித்தது. பொன்னழகின் கூட்டாளி ஈஸ்வரன், தக்காளிக் கமிஷன் கடை வைத்திருப்பவன், "அத்தே, ஒருத்தன அடிச்சா என்ன ஆகும்? செல்லுல பேசிக்கிட்டு ஓட்டுற அம்புட்டுப் பயலையும் அடிக்கணும்" என்றான். அவளுக்கு அது தேனாக இனித்தது. வண்டிகள் வேகம் குறைக்கிற இடம் கருப்பன் முன்னால்தான் என்பதால் அங்கேயே காவல் வைத்தார்கள். பறித்த செல்களைக் கல்லில் வைத்து நசுக்கி, எலுமிச்சம்பழ மாலைக்குப் பக்கத்திலேயே அருவாளில் கோத்துத் தொங்கவிட்டார்கள். காற்றடித்தால் கடகடவென்று ஆடும். இன்ஸ்பெக்டர் ஒருமுறை ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஆத்தா, பாத்து. கேஸாயிரப் போகுது" என்று சிரித்துக்கொண்டே போனார். அது போதாதா இவர்களுக்கு? சட்டைப்பையில் செல் கிடைத்தால் குற்றம் ருசுவாகிவிட்டது, வேறு சாட்சி வேண்டாம். ஆளாளுக்கு செல் வந்துவிட்ட சமயம் அது. எந்த டிரைவர் பையில்தான் இல்லை?

இந்தத் தக்காளி வேன்காரர் பையில் இல்லை.

ஈஸ்வரன் சட்டைப்பையைக் கிழித்துப் பார்த்தான். வேட்டி மடிப்பை உதறினான். வண்டிக்குள் சீட்டைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலே சொருகியிருந்ததை எல்லாம் இழுத்துப் போட்டான். பழனி விபூதிப் பொட்டலம், பஞ்சாமிர்த டப்பா ஒன்று, ஒரு சீப்பு. அவ்வளவுதான்.

"எங்கடா எறிஞ்ச? செல்ல எங்க எறிஞ்ச?" என்று விலாவில் ஓர் உதை விட்டான்.

"எங்கிட்ட செல்லே இல்லீங்க... ஒட்டன்சத்திரத்துல யார வேணா கேளுங்க, நாச்சிமுத்துகிட்ட செல் கெடையாதுனு..."

"அப்புறம் காதுல என்னத்தடா வச்சிருந்த?"

நாச்சிமுத்து அடிபட்ட நாயைப் போலச் சுற்றும்முற்றும் பார்த்தார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியிருந்தது. பார்வை அருவாளில் போய் நின்றது. அவர் மெல்ல வலது கையைத் தூக்கினார். இரண்டு விரல்கள் ஏறுமாறாகத் தொங்கின. அந்தக் கையால் இடது கன்னத்தைத் தொட்டார், அப்புறம் வலது கன்னத்தைத் தொட்டார்.

"சாமியப் பாத்து கன்னத்துல போட்டனுங்க. அது தப்புங்களா?"

ஒச்சம்மாள் பின்னாலிருந்த மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன மாதம் ஒரு பால்வண்டிக்காரக் கிழவனை அடித்தார்கள். தாடை விலகிப்போய் வாயை மூடமுடியாமல் அவன் எச்சில் ஒழுக ஒழுக வண்டி ஏறினான். அவன் கை இடது பக்கம் போய், அப்புறம் வலது பக்கம் வந்ததை அவள் இதே கண்ணால் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுத்தான் அடித்தாள். செல்லில் பேசுகிற எவன் அப்படிக் காதை மாற்றி மாற்றிப் பேசுவான்? அடிப் பாவி! சட்டைப்பையில் செல் இருந்ததும் மனசு நிறைந்துபோயிற்று. அதற்கு முந்தி ஒரு லாரிக்காரன். அதற்கு முந்தி கோயிலுக்கு மாலை போட்ட ஒரு பையன். ஒவ்வொரு கையாக எழுந்து எழுந்து அவள்முன் வந்தது. பேசிய கை எது, கும்பிட்ட கை எது? இனி யாரிடம் போய்க் கேட்பது? தலைக்கு மேலே நசுங்கிய செல்கள் கடகடவென்று ஆடின. ஆயிரம் பேர் கும்பிடட்டும் என்று தானே கொண்டுவந்து வைத்த சாமி. கும்பிட்டவனைத்தானே இத்தனை நாளும் அடித்து நொறுக்கியிருக்கிறோம்.

"நடிக்கிறான் அத்தே. இவனையெல்லாம் நம்பாதீக" என்று ஈஸ்வரன் மறுபடி காலை ஓங்கினான்.

ஒச்சம்மாள் எழுந்த வேகம் யாருக்கும் தெரியவில்லை. மம்பட்டிக் கணை ஈஸ்வரனின் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. அவன் அம்மா என்று அலறி நொண்டினான்.

"மொத அடி என்னோடதுன்னா கடைசி அடியும் என்னோடதுதாண்டா! கும்புட்டவனையாடா அடிச்சோம்? நாம வச்ச சாமியக் கும்புட்டவனையாடா?"

"அத்தே, கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?"

"ஆமா, புடிச்சிருக்கு. வண்டிய எடு. திண்டுக்கல் பெரியாசுபத்திரிக்கு விடு. காதுல ரத்தம் நிக்கல, பாரு. இந்த ஆளு செத்தா நானே போய் டேசன்ல நிப்பேன். ஒம் பேரையும் சொல்லிட்டுத்தான் நிப்பேன்."

மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு திசையில் கழன்றிருந்தார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஈஸ்வரன் ஒருவன்தான். முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். நாச்சிமுத்துவை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு ஒச்சம்மாள் நடுவில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சுருட்டி அவர் காதில் வைத்து அழுத்தினாள். சேலை நனைந்து தோள் வரை பிசுபிசுத்தது. கணை இன்னும் கையிலேயே இருப்பது கொஞ்சதூரம் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தூங்கிராதீக அண்ணே. பேசுங்க. ஊட்டுல யாரு இருக்காக?"

"மணிமேகலைங்க... சம்சாரம்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அடித்தவளிடம் பெண்டாட்டி பேரைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்ற நினைப்பு அந்த முகத்தில் ஓடியது. அவளுக்கு அது அடியைவிட வலித்தது. சாவக்கூடாது, இந்த ஆள் மட்டும் சாவக்கூடாது என்று மனசுக்குள் பொன்னழகைக் கூப்பிட்டாள். அவன் செத்து இத்தனை நாளில், முதல்முறையாகக் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஈஸ்வரன் வண்டியை விரட்டினான். விரட்டிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்தான். ஊரிலேயே விலைகூடின செல் அவனுடையதுதான்.

"ஏலே, நாந்தான். அருவாள்ல தொங்குறத எல்லாம் கழட்டிக் கெணத்துல போடு. இப்பவே. ரோட்டுல ரத்தத்தக் கழுவி விடு... என்னது? கேக்கல... அய்யோ, டிரம்ம மொத ஓரங்கட்டுடா..."

ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். வலது கை காதில். அது கும்பிடுகிற கை இல்லை. இப்போது சந்தேகமே கிடையாது. இத்தனை நாள் அவள் தேடித் தேடி அடித்த கை, முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தது.

"ஈஸ்வரா, அத வையி."

அவன் காதில் விழவில்லை. அவள் விரல்கள் கணையை இறுக்கின. ஓங்க இடமில்லாவிட்டாலும் குத்த இடமிருந்தது. இந்த வேகத்தில் குத்தினால் மூன்று பேரும் போகவேண்டியதுதான் என்று புத்தி சொன்னது. கை கேட்கமாட்டேன் என்றது.

வண்டி வடமதுரைக்குள் நுழைந்தது. பெருமாள் கோயில் கோபுரம் கட்டிடங்களுக்கு மேலே தெரிந்தது. கண்ணை மூடிக் கிடந்த நாச்சிமுத்துவுக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ, வீங்கிப்போன வலது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. பாதி வழியில் நின்றது. மேலே ஏற முடியவில்லை. ஒச்சம்மாள் கணையைக் காலடியில் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். முறிந்த விரல்களில் படாமல் மணிக்கட்டைத் தாங்கி, அவர் இடது கன்னத்தில் ஒருமுறை, வலது கன்னத்தில் ஒருமுறை வைத்தாள். சூடாக இருந்தது.

நிமிர்ந்தபோது, முன்னால் சந்துக்குள்ளிருந்து ஒரு பையன் வெளியே வந்தான். சைக்கிள் கேரியரில் கூடை கட்டியிருந்தது. வண்டியைப் பார்க்காமல் ரோட்டில் இறங்கினான்.

"ஆளு!" என்று அலறினாள் ஒச்சம்மாள். "ஏலே, ஆளு! ஆளு!"

ஈஸ்வரன் செல்லைக் காதில் அழுத்திக்கொண்டு, திரும்பாமலேயே இடது கையைத் தூக்கி, இரு என்று காட்டினான். அவள் வெறுங்கால் தரைத்தகட்டில் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவளுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் யாருடைய கையும் இல்லை.