ஆறியவர் கணக்கில் டோரீன்

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது. துக்கம் தனியாக இருக்கிறது. அதைக் கதைக்குத் தருவதாக இல்லை.

என் கணவர் ஓஸ்வால்டுக்கு [நோயின் பெயரை எழுதி அடித்துவிட்டேன்] வந்தபோது, நோயாளியும் வீட்டாரும் பேசிக்கொள்ள ஓர் ஆப் வைத்திருந்தோம். மருந்து வேளை, ரிப்போர்ட், குரல் பதிவு எல்லாம் அதில். அந்தக் கம்பெனியிடமிருந்து எங்கள் விவரங்கள் கசிந்தன. ஓஸ்வால்டின் தம்பி லாயிடுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. கசிந்த விவரங்களை வைத்து, மூலிகை மருந்து விற்கும் யாரோ ஒருவன் அவருக்குப் போன் செய்து நோயைச் சொன்னான்.

லாயிட் வந்து வாசலிலேயே நின்றார். "ஏண்ணா, கண்டவன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

பிறகு அவர் அடக்கத்துக்குத்தான் வந்தார்.

2

மகா கதவைத் தட்டியபோது வெளியே மழை

இல்லை, நல்ல வெயில். துக்க வீட்டுக்கு மழையை வரவழைக்க எனக்கு விருப்பமில்லை.

மகா கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். தகவல் கசிந்த வாடிக்கையாளர்கள் எவ்வளவு மனம் ஆறியிருக்கிறார்கள் என்று அளக்க எங்கள் ஆஸ்டின் டவுனுக்கு வந்தாள். அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. காபி குடித்த டம்ளரைத் தானே கழுவிவைத்த பெண்.

கோபம், பயம், நம்பிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கேட்டாள். தாட்சண்யமில்லாமல் போட்டேன். ஆனால் அவள் அளவுகோலில் சொல்வதைவிடச் செய்வதற்கே எடை அதிகமாம்.

"ஆன்ட்டி, நீங்க டெய்லி ஆப் ஓப்பன் பண்றீங்க. அப்போ ரிகவர் ஆயிட்டீங்கன்னுதான் வரும்."

"கம்பெனி மேல ஆசைப்பட்டா ஓப்பன் பண்றேன்? எங்க வீட்டுக்காரர் குரல் அதுலதான் இருக்கு கண்ணு."

(வேறு போனில் பதிந்துகொள்ளலாமே என்பீர்கள். பதிந்தாயிற்று. கல்லறை இருக்கும்போது அதன் போட்டோவுக்கு யார் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்?)

அப்படி ஒரு காரணத்துக்கு அவளிடம் கட்டம் இல்லை. 'ஆறியவர்' என்று போடலாம். இல்லையென்றால் ஆய்விலிருந்தே நீக்கலாம். முன்னதைப் போட்டால், வாடிக்கையாளர்கள் மன்னித்துத் திரும்பிவிட்டார்கள் என்று கம்பெனி சொல்லிக்கொள்ளும். நீக்கினால், எங்களுக்கு எதுவுமே நடக்கவில்லை.

3

முடிவு அ: நான் ஆப்பை அழிக்கிறேன். கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர் நஷ்டம், எனக்கு ஓஸ்வால்ட். கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: மகா ஆராய்ச்சியை உதறிவிட்டு என் பக்கம் வருகிறாள். பொய். அவளுக்குப் பட்டம் வேண்டும், வாங்கட்டும்.

நடந்தது இது. ஓஸ்வால்டின் பதிவு ஒன்றைத் திறந்து போனை அவள் கையில் கொடுத்தேன்.

"டோரி, லாயிட் கோச்சிக்கினு போறான். நீ போன் பண்ணிச் சமாதானம் பண்ணாத. அவனுக்கு நான் என் வாயால சொல்லியிருக்கணும். அத புடுங்கிக்கினானுங்களே."

மகா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அவர் தம்பி இதக் கேட்டாரா ஆன்ட்டி?"

"அடக்கத்தன்னிக்குக் கேட்டாரு."

அவள் தன் டேப்லெட்டை எடுத்தாள். விரல் 'ஆறியவர்', 'நீக்கு' என்ற இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது. "நீங்களே சொல்லுங்க, எதுல போடட்டும்?"

நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு மதிப்பெண்ணாக்கிவிடுவார்கள்.

அந்தக் குரல் என்னிடமிருந்து கசியவில்லை. நானாகத் திறந்து, உங்களுக்கும் கேட்கக் கொடுத்திருக்கிறேன். ஆகவே மகாவை அனுப்பிவிடுகிறேன். இனி அந்த விரல் உங்களுடையது.