வண்டி வேண்டாம் என்ற மாப்பிள்ளை

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் பைக்கை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நகை எவ்வளவு, சீர் எவ்வளவு என்று இழுத்துப் பேசுவார்கள். பைக் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "வண்டி வழக்கம்போல" என்பார்கள். அந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று நான் ஒரு தரம் கேட்டேன். "பொட்டப்புள்ள சபையில பேசாத" என்றார் பெரியப்பா.

நான் எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. தாவரவியல். என்னைப் பெண் பார்க்க வந்த முதல் மூன்று பேருக்கும் வண்டி வழக்கம்போல வேண்டியிருந்தது. ஒருவன் நிறத்தைக்கூட முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். நான் வாங்கிக் கொடுத்த வண்டியில் நானே பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போக எனக்கு இஷ்டமில்லை என்று மூன்று பேரிடமும் நேராகச் சொன்னேன். அதன் பிறகு சேவுகம்பட்டியில் எனக்கு வாயாடி என்று பெயர் நிலைத்துவிட்டது.

நாலாவதாக வந்தவர் பொன்னழகு. வடமதுரைக்காரர், திண்டுக்கல்லில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் அப்பா சோலைமுத்து, மூன்று தரம் பட்டவர் என்பதால், தானாகவே முந்திக்கொண்டு, "வண்டி எந்தக் கம்பெனி வேணும் மாப்ளே?" என்று கேட்டார்.

"வண்டியெல்லாம் வேணாம் மாமா. பஸ்ஸு நல்லாத்தான போகுது" என்றார் பொன்னழகு.

சபையில் ஒருத்தரும் காபியைக் குடிக்கவில்லை. அறைக் கதவை ஒட்டி நின்ற நான் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். கல்லூரித் தோழி நர்கீஸுக்கு போன் போட்டு, "கொள்கையோட ஒரு ஆளு கெடச்சிருச்சுடி" என்றேன். மூக்கு எப்படி, உயரம் எவ்வளவு என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கவனித்திருக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் பஸ்ஸில்தான் போய்வந்தார். எங்கே போனாலும் நாங்கள் பஸ்தான். அதையும் நான் கொள்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு விதைக் கம்பெனியில் கள அலுவலர் வேலை கிடைத்தது. தக்காளி, வெண்டைக் காடுகளுக்குப் போய் விவசாயிகளைப் பார்க்க வேண்டும். பஸ் போகாத ஊர்கள்தான் பாதி. வண்டி வாங்கு, இல்லையென்றால் ஆபீசில் உட்கார்ந்து போன் எடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். போன் எடுக்கிற வேலைக்கு நான் போக மாட்டேன். வண்டிதான், அதுவும் கியர் வண்டி. அப்பாவின் மொபெட்டிலும் மாமா மகனின் பைக்கிலும் நான் எப்போதோ ஓட்டிப் பழகியவள்.

"பொம்பளப் புள்ளைக்கு ஸ்கூட்டி பத்தாதா?" என்றார் என் மாமியார் சிவனம்மாள்.

நான் சண்டைக்கு வாயைத் திறக்குமுன் பொன்னழகு சொன்னார்: "வண்டிப்பாதையில ஸ்கூட்டியோட சின்னச் சக்கரம் புதைஞ்சிரும்மா. பெரிய சக்கரம் இருந்தாத்தான் ஏறும்."

நான் அதிர்ந்துபோனேன். எனக்காக வேறு ஒருத்தர் சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்லை. அதோடு நிற்கவில்லை. கொண்டையோடு சேர்த்துப் பொருந்துகிற ஹெல்மெட் வேண்டும் என்று கடைக்காரரைக் கெஞ்சி நாலைந்தை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக என் தலையில் மாட்டிப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் எட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வண்டிக்கும் சீட் உயரம் விசாரித்தார். பதிவு என் பெயரில்தான் என்றார். புது வண்டி வாங்குகிறதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

அத்தைக்கு மட்டும் இது மகன் எடுக்கிற வண்டி. தெரு முழுக்க அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டி எடுக்கிற அன்று திண்டுக்கல் ஷோரூமில் விக்னேஷ்குமார் என்கிற விற்பனைப் பையன், ஒவ்வொரு வரிக்கும் "சார்" போட்டு என் வீட்டுக்காரரிடமே பேசினான்.

"சார், மைலேஜ் பத்திக் கவலையே வேணாம் சார்."

"அவங்ககிட்டச் சொல்லுங்க. அவங்க வண்டி" என்றார் பொன்னழகு.

"மேடம் கலர் பாக்கட்டும் சார். நீங்க இந்த டெமோ வண்டியில ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

"அவங்களே போகட்டும்."

"கிளட்ச் கொஞ்சம் ஹார்டா இருக்கும் சார், நீங்க பாத்துச் சொன்னா மேடத்துக்கும் தைரியமா இருக்கும்."

வழக்கமாக இதற்கே நான் அவனை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்று மனது நிறைந்திருந்தது. இந்த மனுஷனும் ஒரு நாள் ஆசையாக ஓட்டிப் பார்க்கட்டுமே என்று தோன்றியது. "போயிட்டு வாங்களேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

பையன் ஸ்டார்ட் செய்து கியரும் போட்டுக் கொடுத்தான். பொன்னழகு கிளட்சை ஒரேயடியாக விட்டார். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளிப் போய், வாசலில் வைத்திருந்த தள்ளுபடி போர்டை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. அவர் ஒற்றைக்காலில் வண்டியையும் தன்னையும் தாங்கிக்கொண்டு நின்றார்.

"பிரேக்கைப் பிடிங்க சார்" என்று ஓடினான் பையன்.

"எதுப்பா பிரேக்கு?" என்றார்.

தடுமாற்றம் என்றால் புரியும். பிரேக் எது என்று தெரியாத ஆம்பளையை நான் எங்கள் ஜில்லாவில் பார்த்ததே இல்லை.

பூஜை முடியும்வரை புது வண்டியில் யாரும் ஏறக்கூடாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ரோட்டு முனைப் பிள்ளையார் கோயிலுக்கு விக்னேஷ்குமார் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். நாங்கள் பின்னால் நடந்தோம்.

"எப்பருந்து தெரியாது?" என்றேன்.

"பொறந்ததுலருந்து."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே மதி."

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வண்டி வேணாம்னீங்க."

"ஆமா."

"இதுக்குத்தானா?"

பையனுக்குக் கேட்காத தூரம் வரட்டும் என்று நடையைக் குறைத்தார். "அப்பா போனப்ப எனக்குப் பத்து வயசு. கத்துக்குடுக்க ஆளில்ல. பெறகு வயசாயிப்போச்சு. மீசை வச்சவன் எவன்ட்டப் போயி கத்துக்குடுன்னு கேக்குறது? ஓட்டாதவனுக்கு வண்டியக் குடுத்தா அது வாசல்லயே நிக்கும். ஏன் நிக்குதுன்னு போறவன் வாரவன்லாம் கேப்பான். பஸ்ஸு போதும்னு சொல்லிட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்னு நெனச்சேன். நீங்க எல்லாரும் அம்புட்டுப் பெருசா எடுத்துக்குவீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"ஸ்கூட்டி வேணாம்னு உங்கம்மாகிட்டச் சொன்னது எனக்காகவா, பின்னாடி நல்லா உக்காரலாம்னா?"

"ரெண்டுக்கும்" என்றார்.

அடிக்கலாம் போலிருந்தது. நான் கல்யாணம் செய்துகொண்டது இந்த மனுஷனை இல்லை, அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை. அந்த வாக்கியத்துக்குள் இருந்தது கொள்கை இல்லை, கிளட்ச் பயம். நர்கீஸிடம் என்ன சொல்வேன்? கல்லூரியில் அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே.

கோயிலில் அத்தை அரளி மாலையோடு நின்றார். சேவுகம்பட்டியிலிருந்து பஸ் மாறி வந்திருந்த அப்பா, தன் காட்டில் விளைந்த செண்டுப்பூவில் கட்டிய மாலையைக் கொண்டுவந்திருந்தார். அவர் மருமகனைப் பார்த்த பார்வையில் எப்போதும் உள்ள அந்த மரியாதை. ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்திலும், "எம் மருமகன் ஒரு வண்டி கேட்டதில்ல" என்று ஆரம்பிக்காமல் அவர் பேச்சு நகராது.

பூசாரி சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியை எடுத்து நேராகப் பொன்னழகு கையில் கொடுத்தார். வீட்டு ஆம்பளைதான் முதலில் ஏறிப் பழத்தை நசுக்க வேண்டும் என்பது இங்கே பேசி முடிவு செய்கிற விஷயம் இல்லை.

"ஏறுப்பா" என்றார் அத்தை. "தெருவுல எல்லாரும் பாக்கணும், நீயே வீடு வரைக்கும் ஓட்டிட்டு வா."

அவர் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டால் இந்த வண்டி அவர் வண்டியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அத்தை வாயில், தெரு வாயில், நாளைக்கு என் அப்பா வாயிலும். நான் காட்டுக்குப் போகும்போதெல்லாம் புருஷன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவளாவேன். "நான் ஓட்டுறேன்" என்று நானே முந்தியிருக்கலாம். முந்தினால் அவர் மானம் தப்பும். இருந்த கோபத்தில் எனக்கு வாய் வரவில்லை.

பொன்னழகு சாவியைப் பார்த்தார். பிறகு என் அப்பாவிடம் போனார்.

"மாமா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனாலதான் அன்னைக்கு வேணாம்னேன். நீங்க நெனச்சுக்கிட்டிருக்கிற மாதிரி இல்ல."

சூடத்தட்டை வைத்திருந்த பூசாரி அப்படியே நின்றார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார், திரும்பவும் போட்டார்.

"தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பீயளா மாப்ளே?"

பொய் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்பாவே அந்தப் பொய்யை எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றார். நானும்தான்.

"கேட்டிருப்பேன் மாமா. எல்லாரும் கேட்டாங்கள்ல."

ஊர் ஒரு ஆள் தலையில் வைத்த கிரீடத்தை அவரே கழற்றித் தரையில் வைத்துவிட்டு வெறுந்தலையோடு நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஒன் வண்டி. நீ ஏறு" என்றார்.

நான் ஏறினேன். கிளட்ச் உண்மையிலேயே ஹார்டாகத்தான் இருந்தது. முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறியது, பின்சக்கரமும் ஏறியது. கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன். கோபம் போகவில்லை. ஆனால் அந்த மூன்று மாப்பிள்ளைகளில் ஒருவனும் சபை நடுவில் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான் என்று மட்டும் தெரிந்தது. அப்பாவுக்கு அது புரிய நாளாகும். அவர் செண்டுப்பூ மாலையைத் தானே ஹாண்டில்பாரில் கட்டினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வாங்க, பேசணும்" என்றேன் பொன்னழகிடம்.

"பேசு" என்று பின் சீட்டில் கை வைத்தார்.

அதற்குள் அத்தை அவரை ஒதுக்கித் தள்ளினார். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் தோளை அழுத்திப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"நீ பஸ்ஸுல வாடா" என்றார் மகனிடம். "ஒனக்குத்தான் பஸ்ஸு நல்லாப் போகுதே."

திருச்சி ரோட்டில் ஏறினோம். அத்தை என் காதுக்குள் சொன்னார்: "ஒங்கப்பன் குடுக்குறேன்னு சொன்ன வண்டிய இந்தப் பய வேணாம்னான்ல, அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. மவன் பின்னாடி உக்காந்து ஒரு தரமாவது போகணும்னு அம்புட்டு ஆசயா இருந்தேன். காரணத்தச் சொல்லித் தொலச்சிருந்தா மனசாவது ஆறியிருக்கும்."

நானும் மறைக்கவில்லை. "உங்க மவன் அன்னைக்கு வண்டி கேட்டிருந்தா நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டேன் அத்தை."

"வராட்டி இப்ப யாரு ஓட்டுவா" என்றார் அத்தை. "பேசாம அந்த லாரியத் தாண்டித்தா. பொகையா அடிக்குது."

கியரை மாற்றினேன்.