நிற்காமல் போகவும்

எங்கள் சஸ்காட்சுவான் மாகாணச் சமவெளியில், குளிர்காலத்தில் சாலையோரம் ஒரு வண்டி நின்றால், அடுத்து வருகிறவர் நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் போவார். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. உறைபனியில் நின்றுபோன வண்டிக்குள் எத்தனை நேரம் உயிர் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். இதற்காகவே இந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நானோ இதற்காகவே ஊரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். காரணம், நான் பறவை பார்க்கிறவள்.

வேறு பறவை இல்லை, வேட்டைப் பறவைகள் மட்டும். வடதுருவத்திலிருந்து எங்கள் ஊரை வெப்பப் பிரதேசம் என்று நினைத்து இறங்கி வரும் பனி ஆந்தைகள், வல்லூறுகள், கழுகுகள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. வண்டியை விட்டு இறங்கினால் பறவை பறந்துவிடும். வண்டிக்குள்ளேயே இருந்தால் நம்மைச் சட்டை செய்யாது. இஞ்சின் ஓடினால் தொலைநோக்கி நடுங்கும். ஆகவே இஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் தொலைநோக்கியை மாட்டி, மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டும். என் கணவன் எல்மர்தான் ஓட்டுவான். அவனுக்குப் பறவை எதுவும் தெரியாது. என் குடுவைக் காப்பிக்காகவும், எவன் அறுத்த வயலில் எவ்வளவு தாள் விட்டிருக்கிறான் என்று வேவு பார்ப்பதற்காகவும் வருவான்.

நாங்கள் நின்றதும் ஊரே நிற்கும். அதில் எனக்குப் பரம வைரி, பக்கத்துப் பண்ணை ஓரெஸ்ட். போன வருடம் ஒரு தகரக் குதிரின் உச்சியில் வடக்கத்திப் பெரிய வல்லூறு ஒன்று உட்கார்ந்திருந்தது. வருடக்கணக்காகத் தேடிய பறவை. தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் ஓரெஸ்டின் டீசல் வண்டி கடகடவென்று வந்து நின்றது.

"என்ன எல்மர், பள்ளத்துல எறங்கிட்டியா? சங்கிலி இருக்கு, இழுத்துடவா?"

"இல்லப்பா, வெர்னா பறவை பாக்கறா."

"பறவையா? எங்க?"

"இப்ப எங்க இருக்கு?" என்றேன். "உன் வண்டிச் சத்தத்துக்கு அது பக்கத்து மாகாணத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும்."

"அடடா! சரி விடு, நாளைக்கு வரும்," என்று சொல்லிவிட்டு, தன் தங்கை வளர்க்கும் வாத்துகள் தபால்காரரைத் துரத்திய கதையை ஆரம்பித்தான். ஓரெஸ்ட் ஒரு கதையை ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். அன்று வீட்டுக்கு வந்தும் நான் யாரோடும் பேசவில்லை.

எல்மர் சமாதானம் சொல்லத் தெரியாதவன். அதற்குப் பதிலாக எதையாவது செய்து கொடுப்பான். கிறிஸ்துமஸ் காலையில் அலங்கார மரத்தடியில் ஒரு பலகை இருந்தது. மஞ்சள் அடித்து, கறுப்பில் எழுதியிருந்தான்: 'மாட்டிக்கொள்ளவில்லை. பறவை பார்க்கிறோம். நிற்காமல் போகவும். நன்றி.' அதை வண்டியின் பின்கதவில் வைத்து, வண்டியே துருப்பிடித்து உதிர்ந்தாலும் பலகை உதிராதபடி திருகாணி போட்டு முடுக்கினான். கல்யாண மோதிரத்துக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பலகை வேலை செய்தது. வண்டிகள் வேகம் குறையும், பலகையைப் படிக்கும், ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் உயரும், போய்விடும். ஒரு விரல்தான் இங்கே வணக்கம். அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்ததற்கெல்லாம் நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது? பெண் பனி ஆந்தை ஒன்று எலியை முழுசாக விழுங்கிவிட்டு வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த வல்லூறு திரும்பி வந்து கௌதாரிக் கூட்டத்தை வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரட்டியதைப் பார்த்தேன். எல்மர்கூட அன்று காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

ஜனவரியில் ஒரு காலை. குளிர் மைனஸ் முப்பது. ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கும் மண்சாலையில், மின்கம்பத்தின் மேல் கிழட்டு ஆண் ஆந்தை ஒன்று, ஒரு கரும்புள்ளிகூட இல்லாத வெள்ளை. எல்மர் இஞ்சினை அணைத்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

"தாடை வலிக்குது," என்றான்.

"நேத்து அந்த மாட்டுக்கறிய அப்படிக் கடிச்சா வலிக்காம என்ன செய்யும்?"

பிறகு, "கையும் ஒரு மாதிரியா இருக்கு, வெர்னா," என்றான்.

எல்மர் வலி சொல்கிறவன் இல்லை. அறுவடை இயந்திரத்தில் கட்டைவிரல் நசுங்கியபோது, சமையலறைக்கு வந்து பழைய துணி இருக்கிறதா என்று கேட்டவன். நான் திரும்பினேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்ணாடி இறக்கியிருந்த அந்தக் குளிரில் அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"வண்டிய எடு. இல்ல, வேண்டாம், நான் எடுக்கறேன்," என்று குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. மறுபடி திருப்பினேன், அதுவும் இல்லை. ஹாரன் முனகக்கூட இல்லை. அந்தப் பள்ளத்தில் கைபேசிக்கு என்றைக்குமே சிக்னல் கிடையாது. சனியன் பிடித்த பேட்டரி என்று கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது?

மேட்டில் ஒரு வண்டி தெரிந்தது. உயிர் வந்தது எனக்கு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். வேகம் குறைந்தது. யாரோ ஓர் இளம் தாய். பின்னால் இரண்டு குழந்தைகள். பலகையைப் படித்தாள். சிரித்துக்கொண்டே அவளும் கையை ஆட்டினாள், குழந்தைகளும் ஆட்டின. போய்விட்டார்கள்.

எங்கள் ஊரில் கையாட்டினால் கையாட்டுவார்கள். அது எனக்கு அந்த நிமிடம்வரை உறைக்கவில்லை.

ஓடிப்போய்ப் பின்கதவிலிருந்து பலகையைப் பிடுங்கப் பார்த்தேன். நகம் பெயர்ந்தது, பலகை பெயரவில்லை. உள்ளேயிருந்து எல்மர் கூப்பிட்டான். ஓடிவந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இருந்த கம்பளியெல்லாம் அவன்மேல் போர்த்தினேன். என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

"ஏ கிழவி, எங்கயும் போகாத."

"போகல. நீ பேசாம இரு."

பால் ஏற்றிப்போகும் லாரி ஒன்று எதிரே வந்தது. மறு கையால் ஆட்டினேன், கத்தினேன். பெரிய லாரி, அந்த இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. ஓட்டுநர் உற்சாகமாக இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனார். பலகையை ஊரே அறியும். அந்தச் சத்தத்துக்கும் ஆந்தை அசையவில்லை. இத்தனை வருடத்தில் எந்தப் பறவையும் எனக்காக அத்தனை நேரம் உட்கார்ந்ததில்லை. அதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்மரின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்தக் கடகடச் சத்தம் கேட்டது. எங்கள் மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடியெல்லாம் பனி படிந்திருந்தது. துடைத்துப் பார்ப்பதற்குள் ஓரெஸ்டின் வண்டி எங்களைக் கடந்து போயே போய்விட்டது. போனதடவை நான் கொடுத்த கொடுப்பில் அவன் இனி நிற்க மாட்டான் என்று நினைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

தூரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி பின்னோக்கி வந்தது. வளைந்து நெளிந்து, பனிக்குவியலில் இடித்துக்கொண்டு, வந்த வழி முழுவதும் பின்னாலேயே வந்தது. ஆந்தை எழுந்து பறந்தது. ஒரு பறவை பறந்துபோனதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றுதான்.

"வெர்னா, திட்டாத," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான் ஓரெஸ்ட். "பலகைய படிச்சேன். ஆனா ஒன் வண்டி பின்னால பொகையும் இல்ல, கண்ணாடியெல்லாம் பனி மூடிக் கெடக்கு. இந்தக் குளிர்ல எவ்வளவு நேரமா..." எல்மரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். எல்மரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வண்டியில் சாய்த்தான். மேடேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

எல்மரின் தலை தொங்கத் தொடங்கியது.

"டேய் எல்மர், தூங்காத. அந்த வாத்துக் கதைய சொல்றேன் கேளு."

"அத... போன வருஷமே சொல்லிட்ட."

"அப்ப முழுசா சொல்லல. தபால்காரன் கூரை மேல ஏறினத சொன்னேனா?"

"இல்ல."

"பாத்தியா! ஏறிட்டான். கீழ வாத்து, மேல இவன்..."

வழி நெடுக ஓரெஸ்ட் பேசினான். தபால்காரர் கூரையிலேயே இருந்தார். இறங்கும் நேரமெல்லாம் புதிதாக ஒரு வாத்து வந்தது. ஊர் தெரியும்வரை அந்தக் கதை முடியவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். அது முடியவில்லை.

எல்மர் பிழைத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோய் இதயத்து அடைப்பை எடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்த வாரம், எங்கள் வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி ஓரெஸ்டே ஓட்டிக்கொண்டு வந்தான். உள்ளே அழைத்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நன்றி என்பது மட்டும்தான் வந்தது.

அவன் கூச்சத்தோடு கையை வீசினான். "இதுக்குப் போயி... யாரா இருந்தாலும் நின்னுருப்பாங்க, வெர்னா."

இங்கே எல்லோரும் சொல்கிற பதில்தான். நானும் எத்தனையோ பேருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று என்னால் தலையாட்ட முடியவில்லை.

"யாரும் நிக்கல, ஓரெஸ்ட்," என்றேன். "நீ நின்ன."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். சாய்வு நாற்காலியிலிருந்து எல்மர் குரல் கொடுத்தான்.

"உக்காருடா. அந்தத் தபால்காரன் கீழ எறங்கினானா இல்லையா?"