நெஞ்சில் வைத்த கை

தினேஸ்வரிக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த நாளிலிருந்தே அப்படித்தான். "சக்கர வாசல்ல வந்து நிக்குது, உள்ள விடாதீங்க" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சிரிக்கிற விஷயமா அது? அதை உள்ளே விட்டுவிட்டு, வலது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்துவிட்டு வீட்டில் ஒருத்தி சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தினேஸ்வரியின் அம்மா வீரம்மா.

தினேஸ்வரிக்கு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும் வீட்டில் கால் தரையில் பாவாது. கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவுவாள். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் புருஷன் ஃபோனில் பேசினால், பேசி முடிப்பதற்குள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். படுத்தால் தன் பாதத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வாள். மரத்துப் போயிருக்கிறதா, இல்லையா? கிள்ளிப் பார்ப்பாள். வலித்தால்தான் தூக்கம் வரும்.

"இவ்ளோ துடிப்ப வச்சிகிட்டு என்னக்கா பண்றீங்க? ஓடுங்க லா!" என்றாள் கணக்குப் பிரிவு நித்யகல்யாணி. செட்டியார் வீட்டுப் பெண். காலையில் ஓடிவிட்டுக் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஆபீஸ் வருகிறவள். தினேஸ்வரி அந்தச் சனிக்கிழமையே ஈப்போவில் ஷூ வாங்கிவிட்டாள். ஷூ வாங்கினால் போதும், மீதி தானாக நடக்கும் என்று நினைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அவள் வீடு செமோருக்கு அந்தப் பக்கம், பழைய எஸ்டேட்டின் கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்துப் பல காலமாகிவிட்டது. கீழ் லயத்தில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மேல் லயத்தில்தான் சனம். நடுவில் நேரான செம்மண் ரோடு, முடிவில் மாரியம்மன் கோயில். ஓடுவதற்கு அதைவிட நல்ல ரோடு கிடைக்காது.

ஆனால் எஸ்டேட்டில் பிள்ளைகள் ஓடலாம், நாய் ஓடலாம், வளர்ந்த ஆள் ஓடினால் அது செய்தி. சாவு, விபத்து, தீ. ஓடி வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் பாதி லயம் வாசலுக்கு வந்துவிடும். கணக்கெழுதும் கிராணியும் வேலை வாங்கும் மண்டோரும் பாலும் போன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவே இல்லை. இது தெரிந்திருந்தும் தினேஸ்வரி ஓடினாள் பாருங்கள், அதுதான் கூத்து.

அதுவும் எப்படி ஓடினாள்? உள்ளே வேலைக்குப் போடுகிற சாதாரண பாடி. நாலு எட்டு வைத்ததும் குலுங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஒரு கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். மறு கையில் ஃபோன். தலை குனிந்து, குதிகால் தரையில் இடிக்க, தட் தட்டென்று போனாள்.

மேல் லயத்தில் நவமணி அக்கா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். "ஐயோ, யாருக்கு என்னடி? அம்மாவுக்கா?"

"யாருக்கும் ஒன்னும் இல்லக்கா. சும்மா ஓடுறேன்."

"சும்மாவா? சும்மா யாருடி ஓடுவா?"

தொழிற்சாலை வேன் ஓட்டும் அர்ச்சுனன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வேன் சாவியோடு நின்றான். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போவணும்?"

சங்கதி தெரிந்ததும் சிரிப்பு கிளம்பியது. நவமணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கைய..." என்று ஆரம்பித்தவள், எதையோ விழுங்கிக்கொண்டு பெருக்கப் போய்விட்டாள்.

வீடு திரும்பினால் சன்னல் சாத்தியிருந்தது. வீரம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே ஓடாத. எனக்குப் புடிக்கல."

"ஏன்?"

"புடிக்கலன்னா விடு லா."

காலில்லாதவள் முன்னால் கால் ஓடுகிறது, அதுதான் கடுப்பு என்று தினேஸ்வரி முடிவு கட்டிவிட்டாள். தினமும் அவள் கதவைத் திறக்கும்போதே அங்கே சன்னல் சாத்தப்படும். ஒரு நாள் பொறுமை போய், "ஒன்ன மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதாம்மா ஓடுறேன்!" என்று கத்தினாள். வீரம்மா புடவையை இழுத்து, கால் முடியும் இடத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுவதும் தினேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

இதற்கிடையில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி பின்னியெடுத்தது. நொண்டி நொண்டி வேலைக்குப் போனவளை நித்யகல்யாணி ஞாயிற்றுக்கிழமை ஈப்போ போலோ கிரவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போய், ஓட விட்டு, ஃபோனில் படம் பிடித்துக் காட்டினாள்.

"யாருடி இது?" என்றாள் தினேஸ்வரி. நகையைத் திருடி உள்ளே ஒளித்துக்கொண்டு ஓடுகிறவளைப் போல இருந்தது.

"நீங்கதான்க்கா. கை அங்கேயே இருந்தா ஒடம்பு ஒரு பக்கமா திரும்புது. தல கீழ. கால எட்டி எட்டிப் போட்டு குதிகால்ல குத்துறீங்க, அப்பறம் வலிக்காம என்ன செய்யும்?"

அன்றே கடைக்குப் போய், ஓடுவதற்கென்றே இருக்கிற இறுக்கமான பாடி வாங்க வைத்தாள். ஃபோனை இடுப்புப் பையில் போட வைத்தாள். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். முழங்கை பின்னால் போய் வர வேண்டும். விரல்கள் அப்பளத்தை உடைக்காமல் பிடிப்பது போல லேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டு சின்னதாக, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். பேச முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும், மூச்சு வாங்கினால் நடக்க வேண்டும். நடப்பது அவமானமில்லை.

கேட்கச் சுலபம். செம்மண் ரோட்டில் இறங்கியதும் கை தானாக நெஞ்சுக்குப் போகும், அதை இறக்கி விடுவாள், மறுபடி போகும். அடுத்தவர் கையைப் பிடித்து இழுப்பது போல இழுத்துக்கொண்டே வாரக்கணக்கில் ஓடினாள். பிறகு ஒரு காலை, கோயில் வரைக்கும் போன பிறகுதான் கையைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது தெரிந்தது. தட் தட்டென்ற சத்தமும் இல்லை. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவளே கோயில் மணியை ஒரு அடி அடித்துவிட்டு வந்தாள்.

மேல் லயமும் பழகிவிட்டது. ஒருவரும் வெளியே வருவதில்லை. வந்தாலும் "பசியாறிட்டியா?" என்பதோடு சரி. ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. வீட்டுச் சன்னல் இப்போது திறந்திருந்தது. அவள் போவதையும் வருவதையும் வீரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் வீம்பு குறைந்துவிடும் என்று இருவருமே அதைப் பேசவில்லை.

ஆடி வெள்ளி வந்தது. கோயிலில் கூழ். விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி அம்மன் பாட்டை அலற விட்டது. தினேஸ்வரி லீவு போட்டிருந்தாள். வழக்கம் போல அம்மாவுக்கு இன்சுலின் போட்டாள், பசியாறலைத் தட்டில் எடுத்து வைத்தாள், ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா ஆடி வெள்ளிக்கு விரதம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அம்மனுக்குத் தெரியாதா, அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள். இந்தக் கணக்கை நம் பெண்களைத் தவிர வேறு யாரும் போட மாட்டார்கள்.

செம்பனைப் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பிய தினேஸ்வரி, வழக்கம் போலச் சன்னலைப் பார்த்தாள். அம்மா இல்லை. உள்ளே போனால் நாற்காலிக்குக் கீழே கிடந்தாள். உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் அசைவில்லை. தட்டில் இட்லி அப்படியே இருந்தது. தினேஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்குள் துளி சர்க்கரையைத் தடவினாள். ஆம்புலன்ஸுக்கு அடித்தால் ஈப்போவிலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். அர்ச்சுனன் ஃபோனை எடுக்கவில்லை. நவமணி அக்காவும் எடுக்கவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஓடினாள்.

அவ்வளவு வேகமாக அவள் ஓடியதே இல்லை. பார்வை தூரத்தில், முழங்கை பின்னால், பாதம் சத்தமில்லாமல். உடம்புக்கு இப்போது அது ஒன்றுதான் தெரியும். கோயில் வாசலில் கூட்டம் தெரிந்தது. "அண்ணே! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒலிபெருக்கி அதை விழுங்கியது. நவமணி அக்கா கூழ் அகப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். யாரோ கை தட்டி உற்சாகப்படுத்தினார்கள். அர்ச்சுனன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோயில் இன்னும் தூரத்தில் இருந்தது. தினேஸ்வரி, இத்தனை நாள் அந்தக் கையை இறக்கவா பாடுபட்டோம் என்று நினைத்துக்கொண்டே, வலது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்து அழுத்தினாள். தலையைத் தொங்கப் போட்டாள். குதிகாலைக் குத்தி, தட் தட்டென்று பழைய ஓட்டம் ஓடினாள்.

அகப்பை கீழே விழுந்தது. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். அர்ச்சுனன் எதுவும் கேட்கவில்லை, வேனை நோக்கி ஓடினான்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்கு மேல்தான் வீரம்மாவுக்கு நல்ல தெளிவு வந்தது. தினேஸ்வரி திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். கட்டிலோரம் நின்றாள். உட்காரப் பிடிக்கவில்லை.

"நவமணி வந்துட்டுப் போனா," என்றாள் வீரம்மா. "நெஞ்சுல கைய வச்சிகிட்டு ஓடுனியாமே."

"வேற என்ன செய்றது? நல்லா ஓடுனா ஒருத்தரும் வரலம்மா."

வீரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் அப்படித்தான் ஓடுனேன். பால் லோரி கவுந்து ஒங்கப்பா அடியில கெடந்த அன்னிக்கு. அதே ரோடு. நீ ஆயாக் கொட்டாயில மத்த கைக்கொழந்தைங்களோட தூங்கிட்டு இருந்த, ஒனக்குத் தெரியாது. மொத நாளு நீ ஓடுனப்ப சன்னல்ல பாத்தேன். நானே ஓடுற மாதிரி இருந்துச்சு. தெனம் காலையில அதப் பாக்க என்னால முடியலடி."

"நான் பொறாமைன்னு நெனச்சேம்மா. அன்னிக்கு என்னென்னமோ சொல்லிட்டேன்."

"கொஞ்சம் பொறாமையும் இருந்துச்சு லா," என்றாள் வீரம்மா. பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் ஏன்டி அங்கேயே வச்சிருக்க?"

தினேஸ்வரி குனிந்து பார்த்தாள். கோயில் ரோட்டில் வைத்த கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது. வீரம்மா ஊசி குத்தியிருந்த தன் கையை நீட்டி, அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி விட்டாள்.