ஆசீரின் பழைய ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் போனில் நாலு பாட்டை ஏற்றிக்கொண்டு போவார்கள். பிரான்சி தன் புருஷனையே தூக்கிக்கொண்டு போனாள். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஆசீர் செத்து வருஷம் ஆகிறது. சாவதற்கு முன்னால் அவன் கிடாரில் வாசித்த ஒரு துண்டு மாடலருக்குள் பதிந்து கிடந்தது. மாடலர் என்பது வேறொன்றுமில்லை, பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்காக உள்ளே அடக்கி வைத்திருக்கும், காலால் மிதிக்கிற ஒரு பெட்டி. அதற்குச் சொந்தமாக வாய் கிடையாது. ஸ்பீக்கரில் மாட்டினால்தான் பேசும். மாட்டி ஒரு மிதி மிதித்தால் ஆசீர் வாசிப்பான், நிறுத்துகிற வரைக்கும் திரும்பத் திரும்ப வாசிப்பான்.

வீட்டில் தினமும் சாயங்காலம் அவள் மிதித்துக் கேட்பாள். அப்படி ஒரு இனிப்பு அந்தச் சத்தத்தில். நினைவுத் திருப்பலி முடிந்ததும் பங்குக் கோயில் ஹாலில் அதை எல்லாரும் கேட்க வேண்டும், முக்கியமாக அற்புதசாமி கேட்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. வீட்டிலிருந்த ஸ்பீக்கர் பழசு, துணி கிழிந்தது. ஹாலுக்கு நல்லதாக ஒன்று வேண்டும்.

அற்புதசாமி மெல்லிசைக் குழு நடத்துகிறவர். ஆசீர் வருஷக்கணக்காக அவரிடம்தான் வாசித்தான். ஸ்ரீரங்கத்தில் பிரான்சியும் போயிருந்த ஒரு கல்யாண வரவேற்பில், மாடலரை மாட்டிய மண்டபத்து ஸ்பீக்கரில் அவனுடைய கிடார் தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி கிறீச்சிட்டது. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், தொட்டில் குழந்தை ஒன்று வீரிட்டது. அற்புதசாமி பாட்டுக்கு நடுவிலேயே அவன் சத்தத்தை அணைத்தார். அடுத்த மேடையிலும் அதே கூத்து. ஆசீருக்குக் கையும் போச்சு, காதும் போச்சு என்று ஊரெல்லாம் பேச்சு. குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பார்சல் வேன் ஓட்டப் போனவன், பெரம்பலூர் தாண்டி, நின்றுகொண்டிருந்த லாரியில் போய் மோதினான். அவ்வளவுதான் ஆசீர்.

கடை மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் இருந்தது. பாசில் பாய் பொறுமைசாலி. மூன்று ஸ்பீக்கரை ஒரே உயரத்தில் வரிசையாக வைத்தார். சத்தம் அதிகமாகக் கேட்பதுதான் நல்லதென்று காது ஏமாந்துவிடும் என்று சொல்லி, மூன்றையும் ஒரே அளவுக்குத் திருகி வைத்தார். பிரான்சி மிதித்தாள்.

முதல் ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் போடச் சொன்னாள். அது அதைவிட மோசம். இருப்பதிலேயே உசத்தியான மூன்றாவதில் கேட்டபோது அவளுக்குத் தலைக்குள் ஊசி இறங்கியது. ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் கேட்ட அதே பாழாய்ப்போன சத்தம். எதிர்க்கடை ஆள் எட்டிப் பார்த்தார். பாய் தயங்கித் தயங்கி, ஸ்பீக்கரில் தப்பில்லை, பதிவே இப்படித்தான் போலிருக்கிறது என்றார். பிரான்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று ஆட்டோவில் ஏற்றிவந்த பழைய ஸ்பீக்கரைக் காட்டி, இந்த ஓட்டைப் பெட்டியில் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள் என்றாள்.

மாட்டினார். ஆசீர் வந்தான். அதே இனிப்பு, அதே குழைவு. பாயே தலையாட்டினார். பிரான்சி ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

பாய் தலையாட்டுவதை நிறுத்தினார். குனிந்து பெட்டியின் மேல் பாதியில் காதை வைத்தார். கையால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார்.

"மேல இருக்கிற ட்வீட்டர் செத்துக் கிடக்குதும்மா. கீச்சுச் சத்தம் கொஞ்சங்கூட வெளியில வரல. வீட்ல இதுல கேக்கும்போது மந்தமா இருக்கேன்னு அவரு மாடலர்ல கீச்சை ஏத்திக்கிட்டே போயிருக்காரு. இந்தப் பெட்டில சரியா இருக்கும். நல்ல ஸ்பீக்கர்ல போட்டா கிழிக்கத்தான் செய்யும்."

"அப்ப அவர் கைக்கு ஒண்ணும் இல்லியா?"

"கைக்கு என்னம்மா? அருமையா வாசிச்சிருக்காரு."

பிரான்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பாய் நல்ல மனுஷர், ஆறுதலாகத்தான் பேசினார். ஒரே ஒரு தடவை இதை இங்கே எடுத்துவந்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், சின்னச் சாமான், உடனே மாற்றியிருக்கலாம் என்றார்.

ஆசீர் அவளைக் கூப்பிட்டான். அதுதான் கொடுமை. குழுவிலிருந்து நிறுத்திய வாரம், அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டான். ஸ்பீக்கர் மேல் சந்தேகமாக இருக்கிறது, பாய் கடை வரைக்கும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறாயா என்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெட்டி மேல பழியைப் போடாதீங்க. கோளாறு உங்ககிட்டதான் இருக்கு. விட்டுட்டு வேற வேலையப் பாருங்க."

அவன் திரும்பிப் போய், ஸ்பீக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்தான். வேன் வேலையை ஒத்துக்கொண்டு வந்து சொன்னபோது, இப்போதாவது புத்தி வந்ததே என்று அவள் சந்தோஷப்பட்டாள். பாவி, சந்தோஷப்பட்டாள்.

ஒரு வருஷமாக அற்புதசாமிக்கென்று வசவு சேர்த்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அதை எந்த முகத்தோடு கொட்டுவது? அந்த மனுஷர் மேடையில் காதில் விழுந்ததைச் சொன்னார். அவர் ஆசீரின் வீட்டுச் சத்தத்தைக் கேட்டதில்லை. இவள் இரண்டையும் கேட்டவள். இவளுக்கு என்ன சாக்கு இருக்கிறது? மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பாய் கடைவாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பிறகு வந்து, ட்வீட்டர் மாற்றி, கீச்சையும் குறைத்துத் தந்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஜோராக இருக்கும் என்றார். அவள் தலையை அசைத்து மறுத்தாள். புது ஸ்பீக்கரும் வேண்டாம் என்றாள். ஹாலில் அவன் கேட்டபடியே கேட்கட்டும், இந்தப் பெட்டியைத்தான் வைக்கப் போகிறேன், ஏன் இப்படி ஆயிற்று என்று எல்லார் முன்னாலும் நானே சொல்கிறேன் என்றாள். தான் அடுப்படியில் சொன்னதையும் சேர்த்து.

ஆட்டோக்காரர் ஸ்பீக்கரை வாங்கக் கை நீட்டினார்.

"பின்னாடி வச்சிரலாங்க. வெயிட்டா இருக்கும்."

"வேணாங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

பாலக்கரை வருவதற்குள் மடியிலிருந்த கனத்தில் தொடை மரத்துப்போனது. அவள் அதை இறக்கி வைக்கவில்லை.